ஆரி வேலையும் அட்வான்ஸ் பணமும்: வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் வீட்டு மாடியில் ஃப்ரேம் போட்டு 11 வருடமாக ஆரி வேலை (கொக்கி ஊசியால் துணியில் போடும் எம்பிராய்டரி) செய்கிறேன். 6 வருடமாக வகுப்பும் எடுக்கிறேன். சங்கிலித் தையல் கைக்கு வந்து முதல் ஆர்டரும் பிடித்துவிட்டால், அதற்கப்புறம் வகுப்பில் வரும் சந்தேகமெல்லாம் பணத்தைப் பற்றித்தான். தையலை மூன்று மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். வந்த பணத்தைக் கணக்காக வைத்துக்கொள்ள எனக்கே ஐந்து வருடம் ஆனது. அவர்கள் கேட்பதையும் நான் சொல்வதையும் இங்கே எழுதி வைக்கிறேன். கல்யாண பிளவுஸை வைத்துத்தான் பேசுகிறேன். ஆனாலும் முன்பணம் வாங்கிக் கையால் செய்துகொடுக்கிற மெஹந்தி, கேக், டெரகோட்டா நகை போன்ற தொழில்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

மாதம் முழுக்க வேலை இருக்கிறது, பணமும் வருகிறது. ஆனால் கையில் ஒன்றும் நிற்கவில்லையே, ஏன்?

நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இதற்குக் காரணம் அட்வான்ஸ்தான். 6,000 ரூபாய் பிளவுஸுக்கு 3,000 முன்பணம் வாங்குகிறீர்கள். அலமாரியில் இப்படிப் பத்து பிளவுஸ் இருந்தால் வங்கிக் கணக்கில் 30,000 ரூபாய் தெரியும். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு மிக்சி வாங்குகிறோம், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுகிறோம். அந்த 30,000 இன்னும் உங்களுடையதே இல்லை. ஜரி நூலும் கட் பீட்ஸ் மணியும் அதிலிருந்துதான் வாங்க வேண்டும். உதவிக்கு வரும் பெண்ணின் கூலியும் அதில்தான் இருக்கிறது. மிச்சம் இருப்பது நீங்கள் இன்னும் செய்யாத வேலைக்கான கூலி. பிளவுஸ் அவர்கள் கைக்குப் போகும் நாளில்தான் அது உங்கள் பணம் ஆகிறது.

இதை நான் கற்றுக்கொண்டது மூன்றாவது வருடத்தில். ஒரு கல்யாண வீட்டில் நான்கு பிளவுஸுக்கு 12,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருந்தார்கள். பெண்ணின் தாத்தா தவறிவிட்டார், கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது. பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். துக்க வீட்டில் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆனால் அந்த 12,000 என் மகளின் பள்ளிக் கட்டணமாகப் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. தெரிந்த ஒருவரிடம் மூன்று வட்டிக்கு வாங்கிக் கொடுத்தேன். அடைக்க ஐந்து மாதம் ஆனது. வட்டி மட்டும் 1,800 ரூபாய்.

அதிலிருந்து அட்வான்ஸுக்கு என்று தனிச் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறேன். ஒரு பிளவுஸுக்கு வாங்கிய முன்பணத்திலிருந்து அந்த பிளவுஸின் மெட்டீரியலுக்கு மட்டும் எடுப்பேன். மீதி, டெலிவரி அன்று மாலைதான் தொழில் கணக்குக்கு வரும். ரசீதிலும் ஒரு வரி சேர்த்துவிட்டேன்: ட்ரேசிங் (துணியில் டிசைன் வரைவது) போட்ட பிறகு ஆர்டர் ரத்தானால் மெட்டீரியல் செலவும் முடிந்த வேலைக்கான கூலியும் கழித்து மீதி தரப்படும். வாங்கும்போதே இதைப் படித்துக் காட்டிவிடுவேன்.

விலை எப்படிப் போடுவது? மெட்டீரியல் விலையை இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஆக்கினால் போதுமா?

போதாது. ஆரியில் மெட்டீரியல் கொஞ்சம், நேரம் அதிகம். வெறும் பட்டு நூலில் நெருக்கமாக நிரப்பிய ஒரு மயிலுக்கு 60 ரூபாய் நூல்கூட ஆகாது. ஆனால் ஒன்றரை நாள் போய்விடும். மெட்டீரியலை மூன்றால் பெருக்கினால் அந்த மயிலுக்கு 180 ரூபாய்தான் வரும்.

நேரத்தில் இருந்து தொடங்குங்கள். மாதம் 25 நாள், நாளுக்கு 6 மணி நேரம் உட்கார்ந்தால் 150 மணி நேரம். இதில் ஊசி துணியில் ஓடும் நேரம் எவ்வளவு என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். எனக்கு 100 மணி நேரத்தைத் தாண்டியதே இல்லை. மிச்சமெல்லாம் டிசைன் காட்டுவதிலும், போனில் பதில் சொல்வதிலும், ட்ரேசிங்கிலும், விளக்குத்தூண் பக்கம் மணி வாங்க அலைவதிலும் போய்விடும். வாடிக்கையாளர் காசு கொடுப்பது அந்த 100 மணி நேரத்துக்கு மட்டும்தான்.

உங்களுக்கு மாதம் 18,000 ரூபாய் வேண்டும் என்று வையுங்கள். 100-ஆல் வகுத்தால் மணிக்கு 180. கரண்ட், போன், போக்குவரத்து, ஃப்ரேம் தேய்மானம், ஊசி எல்லாம் சேர்த்து மாதம் 3,000 என்றால் மணிக்கு 30. ஆக 210 ரூபாய். ஒரு பிளவுஸுக்கு 22 மணி நேரம் பிடித்தால் 4,620. மெட்டீரியல் 850 சேர்த்தால் 5,470. அதன்மேல் 10 சதவீதம் லாபம் வைத்தால் 6,017. நான் 6,000 என்று சொல்வேன். லாபம் எதற்கு, கூலிதான் சேர்த்தாயிற்றே என்று கேட்பார்கள். துணி கிழிந்தாலோ கல் உதிர்ந்தாலோ திரும்பச் செய்துகொடுப்பது யார்? அதற்கும், அடுத்த வருடம் ஒரு நல்ல விளக்கோ நாற்காலியோ வாங்குவதற்கும்தான் அந்த 10 சதவீதம்.

பக்கத்துத் தெருவில் இதையே 3,500-க்குச் செய்கிறார்களே?

செய்யட்டும். மணிக்கு 210 என்பதைக் குறைக்காதீர்கள், மணி நேரத்தைக் குறையுங்கள். "அந்த பட்ஜெட்டில் கைக்கு மட்டும் பார்டர், முதுகில் ஒரு சின்ன மோட்டிஃப், கழுத்துக்கு ஒற்றை வரி ஜர்தோசி (உலோகச் சுருள்) போட்டுத் தரேன்" என்று வேறு டிசைன் காட்டுங்கள். 12 மணி நேர வேலையை 3,500-க்குக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் நிறைவு. இதற்காகவே ஒவ்வொரு சாம்பிளின் பின்னாலும் எத்தனை மணி நேரம் ஆனது என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

சொந்தக்காரர்களிடம் எப்படிப் பணம் கேட்பது?

வகுப்பில் கண் கலங்கிக் கேட்ட கேள்வி இதுதான். நாத்தனார் பெண்ணுக்கு இரவு பகலாக உட்கார்ந்து வேலை செய்து, கடைசியில் "நம்ம வீட்டுப் பிள்ளைதானே" என்று ஒரு வார்த்தையோடு முடிந்துவிடும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். எல்லோருக்கும் பில் போடுவேன், முழு விலைக்கு. நெருங்கிய சொந்தம் என்றால் அதற்குக் கீழே "அன்பளிப்பு" என்று எழுதி ஒரு தொகையைக் கழிப்பேன். கல்யாணத்துக்கு எப்படியும் மொய் எழுதத்தானே போகிறேன், அது இங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது. 6,000 ரூபாய் வேலை, அதில் 2,000 என் மொய், மீதி 4,000 என்று தாளில் பார்த்தால் அவர்களுக்கும் மதிப்பு தெரிகிறது. மெட்டீரியல் செலவை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அந்தக் காசு கடைக்காரருக்குப் போக வேண்டியது.

வீட்டுக் கணக்கும் தொழில் கணக்கும் தனியாக வேண்டுமா? கரண்ட் அக்கவுண்ட் திறக்க வேண்டுமா?

தனியாக வேண்டும். ஆரம்பத்திலேயே கரண்ட் அக்கவுண்ட் அவசியம் இல்லை. பரிவர்த்தனை கூடினால் வங்கியே கேட்கும், அப்போது மாறிக்கொள்ளலாம். முதலில் வேலை சம்பந்தமான வரவு செலவு மட்டும் நடக்கும்படி ஒரு கணக்கும், அதற்கென்று தனி யுபிஐயும் வைத்துக்கொள்ளுங்கள். கணவரின் ஜிபே எண்ணுக்கு வாடிக்கையாளர் பணம் போடும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். நல்ல மனிதராகவே இருக்கட்டும், உங்கள் உழைப்புக்கு உங்கள் பெயரில் ஒரு பதிவு வேண்டும். நாளைக்குக் கடன் கேட்டால் வங்கி பார்ப்பது அந்தப் பதிவைத்தான்.

அப்புறம், யுபிஐ ஹிஸ்டரி இருக்கிறதே, நோட்டு எதற்கு என்பார்கள். யாரிடமிருந்து எவ்வளவு வந்தது என்று போன் சொல்லும். எந்த பிளவுஸுக்கு, அட்வான்ஸா பாக்கியா என்று சொல்லாது. இரவு பத்து நிமிடம் ஒரு நீள நோட்டில் எழுதுங்கள்.

எனக்கு நானே சம்பளம் எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்தே ஆக வேண்டும். தேதி வைத்து, ஒரே தொகையாக, தொழில் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். கைக்கு வந்தபோதெல்லாம் 200, 500 என்று எடுத்தால் மாதம் எவ்வளவு எடுத்தோம் என்றே தெரியாது. போன வருடம் மோசமான மூன்று மாதங்களில் சராசரியாக என்ன மிஞ்சியதோ, அதையே சம்பளமாக வையுங்கள். நல்ல மாதத்தில் கூடுதலாக வருவது கணக்கிலேயே தூங்கட்டும்.

ஆடியும் மார்கழியும் வந்தால் என்ன செய்வது?

நம் தொழிலின் காலண்டர் முகூர்த்தக் காலண்டர்தான். ஆடி, மார்கழியில் கல்யாணம் இல்லை. புரட்டாசியிலும் பல வீடுகளில் வைப்பதில்லை. ஆனால் பணத் தட்டுப்பாடு சரியாக அந்த மாதங்களில்தான் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணத்துக்கு மூன்று வாரம், ஒரு மாதம் முன்னால்தான் பிளவுஸ் கொடுக்கிறார்கள். அதனால் ஆனி பாதியிலேயே புது ஆர்டர் நின்றுவிடும். ஆனி முகூர்த்தங்களின் பாக்கித் தொகை வந்துகொண்டிருப்பதால் அது உறைக்காது. ஆடி நடுவில் கை காலியாகும்போதுதான் ஆவணிக் கல்யாணங்களுக்கான அட்வான்ஸ் வந்து குவியும். மூன்று வாரப் பசிக்குப் பிறகு வரும் பணம், எடுத்துச் செலவழிக்கத் தோன்றும். அதை எடுத்தால் ஆவணியில் இராப்பகலாக வேலை செய்தும் டெலிவரியின்போது பாதிப் பணம்தான் வரும். கழுத்தைப் பிடிக்கும் சுழல் இங்கேதான் தொடங்குகிறது.

தை முதல் வைகாசி வரை வரும் ஒவ்வொரு டெலிவரிப் பணத்திலும் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, இரண்டு மாதச் சம்பள அளவுக்குச் சேர்த்துவிடுங்கள். ஆடியில் புதுச் சாம்பிள் போடுங்கள், வகுப்பு எடுங்கள். என் வகுப்புகூட முதலில் இந்த ஓட்டையை அடைக்க ஆரம்பித்ததுதான்.

மெட்டீரியலை மொத்தமாக வாங்கினால் லாபம் இல்லையா?

எப்போதும் போகும் நிறங்களில் ஜரியும் பட்டு நூலும் வாங்கலாம். கல், மணியில் ஃபேஷன் ஆறு மாதத்தில் மாறும். ஜர்தோசி கறுத்துவிடும். சென்னை சௌகார்பேட்டைக்குப் போய் ஆசைப்பட்டு வாங்கிய 7,000 ரூபாய்ச் சரக்கு என் டப்பாக்களில் இன்னும் இருக்கிறது.

பொட்டிக் ஒன்றுக்கு வேலை செய்து கொடுத்தேன். நான்கு மாதமாகப் பணம் தரவில்லை. என்ன செய்யலாம்?

எனக்கும் ஒரு கடையில் இப்படி நடந்திருக்கிறது. 18,000 ரூபாய்க்கு ஏழு மாதம் நடந்தேன். அப்போது சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு பற்றி எனக்குத் தெரியாது. இப்போது வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே எல்லோரையும் பதியச் சொல்கிறேன்.

2020 ஜூலை 1-இல் தொடங்கிய பதிவு இது. ஆதார், பான் இருந்தால் அரசின் உத்யம் தளத்தில் இலவசமாகச் செய்யலாம். காசு கேட்கும் தளங்கள் அரசுத் தளம் இல்லை. பதிந்த குறு, சிறு தொழிலுக்கு 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டம் ஒரு பாதுகாப்பு தருகிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள் வாங்கியவர் பணம் தர வேண்டும், அந்த நாளும் 45-ஐத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். இதற்கென்று உள்ள அரசுத் தளத்தில் புகார் கொடுத்தால், இப்படிப்பட்ட பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் மாநிலத்தின் வசதிக் குழுமத்துக்குப் போகும்.

இன்னொரு பிடியும் இருக்கிறது. 2023-24 நிதியாண்டிலிருந்து, கெடுவுக்குள் நமக்குத் தராத பணத்தை வாங்கியவர் அந்த வருடச் செலவாகத் தன் வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது; கொடுத்த வருடத்தில்தான் காட்டலாம். முறையாகக் கணக்கு வைக்கும் கடைகளின் ஆடிட்டர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள். புகார் வரை போகாமலேயே பல இடங்களில் பணம் வந்துவிடுகிறது. வேலை கொடுப்பதற்கு முன்பே பதிந்திருப்பது முக்கியம். துணி எத்தனை, எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று சலானில் கையெழுத்தும் வாங்குங்கள்.

ஜிஎஸ்டி எடுக்க வேண்டுமா?

தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு வேண்டாம். சேவைக்கு அந்த வரம்பு 20 லட்சம். பலர் தவறுவது இங்கேதான். வாடிக்கையாளர் கொண்டுவரும் துணியில் ஆரி போட்டுக் கொடுப்பது சேவை. வகுப்பு எடுப்பதும் சேவை. தைத்த பிளவுஸை விற்பது பொருள். இரண்டும் கலந்து செய்தால் எல்லாவற்றையும் கூட்டி 20 லட்சம் என்றுதான் பார்க்க வேண்டும். கணக்கில் எடுப்பது மொத்த வரவை, லாபத்தை இல்லை.

வெளி மாநிலத்துக்குப் பொருளாக விற்றால் பொதுவாக முதல் ரூபாயிலேயே பதிவு தேவை. சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. இன்ஸ்டாகிராமில் பெங்களூரு ஆர்டர் எடுக்கும் முன்னால் உங்கள் பொருள் அதில் வருகிறதா என்று ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். அதற்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவு இல்லை.

வருமான வரி?

சிறு தொழிலுக்கு உத்தேச வருமான முறை ஒன்று இருக்கிறது. பழைய சட்டத்தில் 44ஏடி என்று சொல்வார்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டம் வந்ததால் பிரிவு எண் மாறியிருக்கிறது. வங்கி, யுபிஐ வழியாக வந்த தொகையில் 6 சதவீதமும் ரொக்கத்தில் 8 சதவீதமும் குறைந்தபட்ச வருமானமாகக் காட்டலாம். வருடத்துக்கு 9 லட்சம் வரவு, அதில் 6 லட்சம் யுபிஐ, 3 லட்சம் ரொக்கம் என்றால் 36,000-மும் 24,000-மும் சேர்த்து 60,000 ரூபாய்.

ஆனால் உண்மையில் அதைவிட அதிகம் மிஞ்சியிருந்தால் அதைத்தான் காட்ட வேண்டும். நம் தொழிலில் கூலிப் பங்கு பெரிது, நிச்சயம் அதிகம் மிஞ்சும். பயப்படவும் வேண்டாம். புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டிலிருந்து 12 லட்சம் வரையுள்ள சாதாரண வருமானத்துக்கு வரி வராது. உண்மையான வருமானத்தைக் காட்டி வருடா வருடம் ரிட்டர்ன் போட்டவர்களுக்குக் கடன் எளிதாகக் கிடைக்கிறது. 60,000 என்று காட்டிவிட்டு 5 லட்சம் கடன் கேட்டால் எந்த மேலாளரும் யோசிப்பார்.

கடைகள் டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு கொடுத்தால் அதுவும் உங்கள் பணம்தான். உங்களுக்கு வரி இல்லை என்றால், ரிட்டர்ன் போட்டதும் திரும்ப வரும்.

கடன் வாங்கலாமா? எங்கே?

முதலில் வட்டியை வருடக் கணக்கில் பாருங்கள். மூன்று வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். தண்டல் இன்னும் மோசம். 10,000 என்று பேசி 9,000 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூலிப்பார்கள். ஆயிரம்தானே என்று தோன்றும். ஆனால் தினமும் அடைத்துக்கொண்டே வருவதால் சராசரியாக உங்களிடம் இருப்பது 4,500 ரூபாய்தான். அதற்கு 100 நாளில் 1,000 வட்டி. வருடத்துக்குக் கணக்கிட்டால் 80 சதவீதத்துக்கு மேல். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது, மிரட்டல் வந்தால் புகார் கொடுக்கலாம்.

மத்திய அரசின் முத்ரா கடனில் 'சிசு' பிரிவில் 50,000 வரையும் 'கிஷோர்' பிரிவில் 5 லட்சம் வரையும் ஜாமீன் சொத்து இல்லாமல் கேட்கலாம். 35 வயது ஆனவர்களுக்கு 2025-இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது: 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியம். விண்ணப்பத்துக்கு மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

எம்பிராய்டரி மெஷினுக்குக் கடன் வாங்கலாமா என்று கேட்டால், ஆறு மாதமாக நேரமில்லாமல் திருப்பி அனுப்பிய ஆர்டர்களை எண்ணச் சொல்வேன். அந்த வருமானம் மாதத் தவணையைப் போல இரண்டு மடங்கு இருந்தால் வாங்குங்கள்.

கண்ணும் விரலும் எத்தனை வருடம் ஒத்துழைக்கும்? அப்புறம்?

எனக்கு 43 வயது. இப்போதே இரவில் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் போட முடிவதில்லை. பிஎஃப் பிடிக்க நமக்கு முதலாளி இல்லாததால், வருமானம் ஏறி இறங்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அஞ்சலகத்திலோ வங்கியிலோ பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு வசதி. வருடம் 500 ரூபாய் போட்டாலும் கணக்கு உயிரோடு இருக்கும், நல்ல வருடத்தில் ஒன்றரை லட்சம் வரை போடலாம். 15 வருடம் முழுத் தொகையையும் எடுக்க முடியாது, அதுதான் அதில் எனக்குப் பிடித்ததே. கண் பரிசோதனைச் செலவைத் தொழில் செலவாகவே எழுதுகிறேன். நகைச் சீட்டு ஆசைக்குச் சரி, மூலதனத்தை அதில் போடாதீர்கள்.

இதுவரை எதுவும் எழுதி வைத்ததில்லை. இப்போது எங்கிருந்து தொடங்குவது?

பழையதைத் தோண்டாதீர்கள். இன்று இரவு அலமாரியில் முடியாமல் இருக்கும் பிளவுஸ்களை எல்லாம் எடுத்துக் கட்டிலில் பரப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: யாருடையது, பேசிய தொகை, வாங்கிய அட்வான்ஸ், இன்னும் வாங்க வேண்டிய மெட்டீரியல், டெலிவரி தேதி. அட்வான்ஸை எல்லாம் கூட்டுங்கள். அப்புறம் கணக்கில் இருக்கும் பணத்தைப் பாருங்கள். பணம் குறைவாக இருந்தால், எவ்வளவு குறைகிறது என்பதை அந்தப் பக்கத்தின் அடியில் எழுதி, அடுத்து டெலிவரி ஆகும் ஒவ்வொரு பிளவுஸிலும் 500 ரூபாயாகத் திருப்பிப் போடுங்கள். எனக்கு அப்படி ஈடுகட்ட ஒரு தையும் ஒரு மாசியும் ஆனது.